அழுக்குத் தெரியாத நிறம்

புதன்கிழமை, தையல் கடையிலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்று சொல்லித்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும் என்று அப்பா நமக்குப் பழக்கியிருக்கிறார். அதனால் சொல்லிவிட்டேன். நீ நம்ப வேண்டியதில்லை. மாமாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அங்கே மழை உண்டா? இரண்டுக்கும் பதில் எழுத அவசரமில்லை, அவசரம் வேறு. நீ வேலை பார்க்கும் பள்ளி அலுவலகத்தில் யார் காலைப் பிடிப்பாயோ கையைப் பிடிப்பாயோ தெரியாது, பத்தாம் வகுப்பில் என் மகளுக்கு, உன் மருமகளுக்கு, ஓர் இடம் வாங்கிக் கொடு. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ அழ ஆரம்பிப்பாய், நான் கத்த ஆரம்பிப்பேன், மாமா போனைப் பிடுங்கி மழையைப் பற்றிக் கேட்பார். அதனால்தான் கடிதம். பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது எவன்டா இடம் கொடுப்பான் என்று நீ கேட்பது இங்கேவரை கேட்கிறது. முழுக்கப் படித்துவிட்டுக் கேள்.

இந்த வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதுத் தலைமையாசிரியை வந்தார். வந்ததிலிருந்து எல்லாம் மாற்றம். முதலில் மணி. வேப்பமரத்தில் தொங்கிக்கொண்டிருந்த தண்டவாளத் துண்டைக் காவலாளி சுத்தியலால் அடிப்பாரே, அதைக் கழற்றிவிட்டு மின்சார மணி வைத்தார். அந்த மணிக்கு ஒரு குணம், கரண்ட் போய்த் திரும்பி வரும்போதெல்லாம் அதுவாகவே அடிக்கும். ஒருநாள் பதினோரு மணிக்குக் கரண்ட் வந்தது, எழுநூறு பிள்ளைகளும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். காவலாளி வாசலில் கையை விரித்து நின்று, "ஏ, திரும்புங்க, இது வீட்டுக்குப் போற மணி இல்ல, கரண்டு வந்த மணி!" என்று தொண்டை கிழியக் கத்தியும் பாதிப்பேர் என் கடையைத் தாண்டிப் போய்விட்டார்கள். அடுத்து மதில் சுவர். 'நமது தேர்ச்சி இலக்கு 100' என்று ஆள் உயரத்தில் எழுதச் சொன்னார். நம் தெரு பெயின்டர் இடத்தை அளக்காமல் ஆரம்பித்துவிட்டார். கடைசிப் பூஜ்யம் சுவர் திரும்புகிற மூலையைத் தாண்டிச் சந்துக்குள் போய்விட்டது. தெருவிலிருந்து பார்த்தால் இலக்கு பத்துதான். சந்தில் சைக்கிள் கடை வைத்திருப்பவர், "எங்க கடைக்கு எதிர்ல மட்டும் ஏன்யா முட்டை போட்டுட்டுப் போயிருக்கீங்க?" என்று ஒரு வாரம் சண்டை போட்டார். அன்றிலிருந்து தலைமையாசிரியைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'நூத்துக்கு நூறு'.

இதெல்லாம் சிரிக்கிற மாற்றம். சிரிக்காத மாற்றத்துக்கு நான்தான் நூல் கோத்தேன்.

கோடை விடுமுறையில் அந்த அம்மாளே கடைக்கு வந்தார். பத்தாம் வகுப்பு நூற்றறுபது பேருக்கும் சட்டைக் காலரில் கலர் பட்டை தைக்க வேண்டும், நாலு பிரிவுக்கு நாலு கலர் என்றார். விளையாட்டுக்கு அணி பிரிப்பார்களே, அதுதான் என்று நான் நினைத்துக்கொண்டேன். துணியை எல்லாம் பலகைமேல் விரித்துப் போட்டேன். நீலம், பச்சை, மஞ்சள் மூன்றையும் அவரே எடுத்துவிட்டார்.

"நாலாவதுக்கு என்ன போடலாம் டெய்லர்?"

"காப்பி கலர் போடுங்கம்மா. அழுக்குத் தெரியாது."

"அழுக்குத் தெரியாதா? அப்ப அதுதான் பொருத்தம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை என் தொழில் அறிவுக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன் அக்கா. எந்தப் பிள்ளைக்கு எந்தக் கலர் என்று பட்டியல் வந்தது. உன் மருமகள் பெயர் காப்பியில் இருந்தது. நான் சொன்ன கலரே நம் பிள்ளைக்கு வந்திருக்கிறதே என்று ஒரு சந்தோஷம் வேறு. நூற்றறுபது சட்டைக்கும் இரட்டைத் தையல் போட்டேன். சட்டை கிழிந்தாலும் பட்டை பிரியாது.

பள்ளி திறந்த அன்று சாயங்காலம் அவள் நேராகக் கடைக்கு வந்தாள். பையை வைக்கவில்லை, உட்காரவில்லை.

"அப்பா, இது அணி இல்லப்பா. மார்க்கு. தொண்ணூறுக்கு மேல நீலம். அப்புறம் பச்சை. அப்புறம் மஞ்சள். நாங்க தேற மாட்டோமாம். அதான் காப்பி."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்ல வேணாம்ப்பா. தண்ணிக் குழாய்கிட்ட நின்னேன், ஒருத்தன் 'ஏய் காப்பிக் கடை, ரெண்டு டம்ளர் கொண்டா'ங்கறான்." காலரைத் தடவிக் காட்டினாள். "அழுக்குத் தெரியாதுன்னு நீதானே சொன்னியாம்? இப்ப அழுக்கே நாங்கதான்."

வீட்டுக்குப் போனால் உன் தம்பி பெண்டாட்டி கதவைத் திறந்ததும் ஒரே வார்த்தைதான் சொன்னாள். "பெத்த பொண்ணு கழுத்துல நீயே கட்டிவிட்டியே." அன்று சாப்பாடு போட்டாள், ஆனால் குழம்பில் உப்பு இல்லை. கேட்கிற தைரியம் எனக்கும் இல்லை.

காப்பிப் பிரிவுக்கு வகுப்பறை எங்கே தெரியுமா? பள்ளி அரங்கத்தின் மேடையில், திரைக்குப் பின்னால். வகுப்பறை போதவில்லையாம். அதிகாரிகள் வந்தால் திரையை இழுத்து மூடிவிடலாம், நாற்பது பிள்ளைகள் இருப்பதே தெரியாது. திரைக்கு முன்னால் நீலப் பிரிவு பேச்சுப் போட்டிக்குப் பழகினால், பின்னால் இவர்கள் பாடத்தை நிறுத்திவிட்டு மூச்சுவிடாமல் உட்கார வேண்டும். கணக்கு வாத்தியாரை நீலத்துக்கு மாற்றிவிட்டார்கள். இவர்களுக்குக் கணக்கு நடத்துவது விளையாட்டு வாத்தியார். பிள்ளைகள் அவரை 'விசில்' என்பார்கள். நல்ல மனிதர், ஆனால் கணக்கு அவருக்கும் வராது. "நான் விசில் ஊதுறேன், தெரிஞ்சவன் விடையைச் சொல்லு, எனக்கும் சேத்துச் சொல்லு" என்பாராம். இப்படிப் படித்து உன் மருமகள் கணக்கில் முப்பத்தொன்று வாங்கியிருக்கிறாள். அதே பெண் நாலரை இஞ்சுத் துணியைக் கண்ணாலேயே மூன்றாகப் பிரித்துக் கத்தரி வைப்பாள். நான் டேப் வைத்துச் சரிபார்த்தால் நூலளவு பிசகு இருக்காது. இதற்கு மார்க் போட அந்தப் பள்ளியில் கலர் இல்லை.

சரி, தைத்தாயிற்று, தொலைந்தது என்று இருந்தேன். தொலையவில்லை. ஆறு வாரத்துக்கு ஒரு பரீட்சை, பரீட்சை முடிந்தால் கலர் மாறும். மார்க் ஏறியவனுக்கு நல்ல கலர், இறங்கியவனுக்குக் கெட்ட கலர். பட்டையைப் பிரித்து வேறு பட்டை தைக்க எல்லோரும் எங்கே வருவார்கள்? என்னிடம்தான். நான் போட்ட இரட்டைத் தையலை நானே ஊசியால் நெம்பி நெம்பிப் பிரித்தேன் அக்கா, விரல் நுனியெல்லாம் ஓட்டை. பள்ளி அறிவிப்புப் பலகைக்கு முன்பே என் கடைக்கு ரிசல்ட் வந்துவிடும். சட்டையைப் பைக்குள் பை வைத்து, அதற்கு மேல் காய்கறி வைத்துக் கொண்டுவருகிறார்கள். பல் டாக்டர் வீட்டம்மா மதியம் ஆளில்லாத நேரமாகப் பார்த்து வந்தார்.

"தம்பி, பையனுக்குப் பச்சை வந்துடுச்சு. ஆனா நீங்க நீலத்தப் பிரிக்காதீங்க. பச்சையை மேல லேசாத் தச்சுடுங்க. வீட்டுக்கு வந்ததும் எடுத்துட்டா அவங்க அப்பாவுக்கு நீலமாவே இருக்கட்டும்."

அவர் போன அரைமணியில் பஸ் டிரைவர் வந்தார். மகளுக்கு மஞ்சளிலிருந்து காப்பி. சட்டையை மெஷின்மேல் வீசினார்.

"என் பொண்ண எதுக்குய்யா காப்பிக்கு எறக்குன?"

"நான் எங்கண்ணே எறக்குனேன்? பள்ளிக்கூடத்துல எறக்குனாங்க."

"தைக்கிறது நீதானே? தைக்க மாட்டேன்னு சொல்றது!"

அவர் கேட்டதில் தப்பு என்ன இருக்கிறது? காலரில் புள்ளி குறிப்பதுபோல் சும்மா சாக்குக்கட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படி இரண்டு தடவை ஆனபிறகு ஒருநாள் உன் மருமகள் கடையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரு மாதமாக என்னுடன் பேசாதவள். "ஏம்ப்பா, ஒவ்வொரு தடவையும் பிரிச்சுப் பிரிச்சுத் தைக்கிற? காலர்ல நாலு அழுத்து பட்டன் வச்சிடு. பட்டையை 'டிக்'னு மாட்டலாம், 'டிக்'னு கழட்டலாம். உன் விரலாவது மிஞ்சும்" என்றாள். என் பிள்ளை என்மேல் இரக்கப்பட்டுவிட்டாள் என்று கண் கலங்கிவிட்டது. மறுநாளே நூற்றுக்கு நூறிடம் போய் யோசனையைச் சொன்னேன். அவருக்கு ஒரே மகிழ்ச்சி. "பிரமாதம் டெய்லர்! இனிமே மார்க் வந்த அன்னிக்கே கலர் மாத்திடலாம். யாரோட யோசனை இது?" என்றார். ஒரு நிமிஷம் யோசித்தேன். காப்பிப் பிரிவுப் பெண்ணின் யோசனை என்றால் எடுபடுமா? "என்னோடதுதாங்க" என்று சொல்லிவிட்டேன். மகளின் மூளையைத் திருடிய அப்பன் என்று நீ என்னைத் திட்டலாம், வாக்குமூலம்போல் இதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பட்டன் வைத்த பிறகு எனக்கு வேலை குறைந்தது, தலைவலி கூடியது. உன் மருமகள் ஞாயிற்றுக்கிழமை கடைச் சாவி வேண்டும் என்கிறாள். தோழிகளோடு படிக்க அமைதியான இடம் வேண்டுமாம். பஸ் டிரைவர் மகளும் வருகிறாள். படிக்கிறேன் என்கிற பிள்ளையிடம் எந்த அப்பன் சாவியை மறுப்பான்? கொடுத்தேன். ஆனால் திங்கட்கிழமை வந்து உட்கார்ந்தால் பாபினில் நூல் இருப்பதில்லை. சனிக்கிழமை நானே நிறையச் சுற்றி வைத்துவிட்டுப் போகிற பாபின். எலி நூல் தின்னுமா அக்கா? போன வாரம் பார்க்கிறேன், காப்பி நிறத் துணிச் சுருளில் பாதியைக் காணோம். தலையணை உறை தைத்தாயா என்று உன் தம்பி பெண்டாட்டியைக் கேட்டேன். "அந்தக் கலரை என் வீட்டுத் தலையணைக்கு வேற போடுவேனா?" என்று என்னை வாசலில் நிற்க வைத்துக் கேட்டாள். பக்கத்துக் கடை இஸ்திரிக்காரரைச் சந்தேகப்பட்டு ஜாடையாகக் கேட்டேன். அவர் என் சட்டை இரண்டை இஸ்திரி போடாமலே திருப்பிக் கொடுத்துவிட்டார். கசங்கின சட்டையோடுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இப்போது அவசரத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை ஒரு படிவம் வந்தது. 'எங்கள் மகள் பள்ளியின் வழியாக அல்லாமல், வெளியிலிருந்து தனியாகப் பொதுத் தேர்வு எழுத மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறோம்.' மனப்பூர்வமாக என்ற சொல்லுக்கு அடிக்கோடு அவர்களே போட்டு அச்சடித்திருக்கிறார்கள். காப்பிப் பிரிவு நாற்பது வீட்டுக்கும் இதே தாள். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும். நாற்பது பேரைக் கழித்துவிட்டால் மீதி நூற்றிருபதும் தேறிவிடும், சுவரில் எழுதியது பலித்துவிடும். நோயாளியை வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டு எங்கள் ஆஸ்பத்திரியில் சாவே இல்லை என்று சொல்கிற கணக்கு. அந்த நாற்பது பேரின் பெற்றோர் யார் யார் என்று பார்த்தேன். பஸ் டிரைவர், இஸ்திரிக்காரர், சைக்கிள் கடைக்காரர், நான். பல் டாக்டர் ஒருவர்கூட இல்லை. சுவரில் நூறு எழுதினாரே பெயின்டர், அவர் மகனும் உண்டு. அவர் எழுதிய நூறு பலிக்க அவர் பிள்ளையே வெளியே போக வேண்டும். பட்டை தைத்த என் பிள்ளையும் போக வேண்டும். எங்கள் கையை வைத்தே எங்கள் கண்ணைக் குத்தியிருக்கிறார்கள்.

"தனியா எழுதுனா என்னங்க, அதே கேள்வித்தாள்தானே?" என்று நூற்றுக்கு நூறு கேட்கிறார். கையெழுத்துப் போட்ட பிறகு பள்ளிக்கு வர வேண்டாம் என்கிறார்களே, அந்த மூன்று மாதம் யார் சொல்லிக் கொடுப்பார்கள்? வெளியே போன பிள்ளைகளில் எத்தனை பேர் பரீட்சைக் கூடம்வரை போய்ச் சேர்வார்கள்? கடையில் உட்கார்ந்து பட்டன் துளைக்குக் காஜா எடுக்க ஆரம்பித்தால் அப்புறம் அவள் எழுந்திருக்க மாட்டாள் அக்கா. நான் அப்படித்தான் உட்கார்ந்தேன், உனக்குத் தெரியும்.

நேற்று படிவத்தை அவளிடம் காட்டினேன். அழவில்லை. "நாளான்னைக்கு வரைக்கும் கையெழுத்துப் போடாதப்பா" என்று மட்டும் சொன்னாள். பிள்ளைக்கு அதிர்ச்சியில் பேச்சு வரவில்லை என்று நினைக்கிறேன். நாளை வியாழக்கிழமை பள்ளிக்குக் கல்வி அதிகாரி ஆய்வுக்கு வருகிறாராம். மேடைத் திரை கிழிந்திருக்கிறது, வந்து தைத்துக் கொடுங்கள் என்று எனக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். என் பிள்ளையை மறைக்கிற திரைக்கும் நான்தான் தையல் போட வேண்டும். போகிறேன். போய்த்தான் தீர வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவளை உன்னிடம் அனுப்பிவிடுகிறேன். நீ அன்றைக்கே சொன்னாய், அந்தப் பள்ளியில் சேர்க்காதே என்று. சொன்னது சரிதான் என்று கைப்பட எழுதிக் கொடுக்கிறேன், போதுமா?

மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள், அவர்கள் காலர் என்றைக்கும் வெறும் வெள்ளையாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
நூலும் பொறுமையும் அறுந்துபோன உன் தம்பி

பின்குறிப்பு (வியாழக்கிழமை சாயங்காலம்):

இடம் கேட்காதே. மேலே உள்ளது எல்லாவற்றையும் மறந்துவிடு. கிழித்துப்போட்டு வேறு எழுதியிருக்கலாம், ஆனால் இந்த வருஷம் முழுக்கத் தைத்ததைப் பிரித்துப் பிரித்தே வெறுத்துவிட்டது.

காலையில் மேடையில் ஏணிமேல் நின்று திரையைத் தைத்துக்கொண்டிருந்தேன். கீழே அரங்கத்துக்குப் பத்தாம் வகுப்பு வரிசையாக வந்தது. முதலில் நீலப் பிரிவு. காலரில் காப்பிப் பட்டை. அடுத்து பச்சை. காப்பி. மஞ்சள். காப்பி. என் முதுகுக்குப் பின்னாலிருந்து நாற்பது பேரும் திரையை விலக்கிக்கொண்டு இறங்கிப் போய் அவர்களோடு கலந்துவிட்டார்கள். நூற்றறுபதும் ஒரே நிறம். பல் டாக்டர் மகன் இரண்டு பட்டை கொண்டுவந்திருந்தான், ஒன்று விழுந்தால் இருக்கட்டும் என்று. ஏணியிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது, அது என் துணி, என் நூல், ஓரம் மடித்த விதம் என் பிள்ளையுடையது. இஸ்திரிக்காரரிடம் நாளைக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்.

நூற்றுக்கு நூறு வாசலில் அதிகாரியோடு நுழைந்தார். முகம் சாக்குக்கட்டிபோல் வெளுத்துவிட்டது.

அதிகாரி, "எல்லாருக்கும் ஒரே மாதிரி பட்டை! பாக்க நல்லா இருக்கே. என்ன அர்த்தம்?" என்று கேட்டார்.

அந்த அம்மாள் வாயைத் திறப்பதற்குள் ஓரத்தில் நின்ற விசில் முன்னால் வந்தார். "சமத்துவம் சார்! எங்க பள்ளிக்கூடத்துல ஒசத்தி தாழ்த்தி கெடையாது சார்!" கணக்கு வராவிட்டாலும் அந்த மனிதருக்கு நேரம் தெரிகிறது.

அதிகாரி பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டார், "எல்லாரும் இந்தப் பள்ளிக்கூடத்துலேருந்துதான் பரீட்சை எழுதுறீங்க?"

"எழுதுறோம் சார்!" திரை ஆடியது அக்கா. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அதிகாரி தலைமையாசிரியையைத் திரும்பிப் பார்த்தார். நூற்றுக்கு நூறு தலையாட்டினார். வேறு என்ன செய்வார்? 'நூற்றறுபது பேரும் எழுதுகிறார்கள், பாராட்டுகள்' என்று அதிகாரி ஆய்வுப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அவர் போனதும் அந்த அம்மாள் ஏணிக்குக் கீழே வந்து நின்றார். "இந்தப் பட்டன் உங்க யோசனைதானே டெய்லர்?"

"ஆமாங்கம்மா. என்னோடதுதான்" என்றேன். போன தடவை பொய்யாகச் சொன்னது. இந்தத் தடவையும் பொய்தான், ஆனால் சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் மகளைக் கேட்டேன். "நீலத்துக்காரங்க எப்படி ஒத்துக்கிட்டாங்க?"

"அவங்கதாம்ப்பா முதல்ல கேட்டாங்க. கலர் எறங்கிடுமோன்னு ஆறு வாரத்துக்கு ஒருக்கா அவங்க தூக்கம் போகுது. எங்களுக்கு என்ன, கீழ எறங்க எடமே இல்ல." அப்புறம், "பாபின்ல நூல் சுத்தி வைக்காமப் போனதுக்குத் திட்டாதப்பா" என்றாள்.

திட்டவில்லை. கணக்கில் முப்பத்தொன்றை மட்டும் மூன்று மாதத்தில் எப்படி ஏற்றுவது என்று தெரியவில்லை. மாமாவுக்குக் கணக்கு நன்றாக வருமே, முழங்கால் சரியானதும் ஒரு மாதம் இங்கே அனுப்பி வை. பஸ் டிரைவர் மகளையும் பெயின்டர் மகனையும் சேர்த்து உட்கார வைப்போம்.

எழுதுகிற தாள் தீர்ந்துவிட்டது. இந்தப் பின்குறிப்பு எழுதியிருக்கும் தாளைத் திருப்பிப் பார், அச்சடித்த படிவம் ஒன்று இருக்கும். கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாகத்தான் இருக்கிறது. உன்னிடமே இருக்கட்டும், திருப்பி அனுப்பாதே.